நீல் ஆர்ம்ஸ்ட்ராங்: "நல்ல இன்ஜினியர், சுமாரான விமானி" என்பது சரியா?

வாசகர் கேள்வி | ஆகஸ்ட் 25, காலை 7.10

இன்று அவர் நினைவு நாள். எல்லாரும் காலடித் தடம் படத்தைப் போட்டு முடித்துவிடுவார்கள். எனக்கு ஒரு நெருடல். 1951இல் கொரியப் போரில் இறக்கை அறுந்தது. 1956இல் பி-29 குண்டுவீச்சு விமானத்தில் எஞ்சின் போனது. 1962இல் எக்ஸ்-15 ராக்கெட் விமானம் வழிதவறியது, டி-33 பயிற்சி விமானம் சேற்றில் மாட்டியது, எஃப்-104 போர்விமானம் தரையில் உரசியது. 1966இல் ஜெமினி 8 விண்கலம் கட்டுக்கடங்காமல் சுழன்றது. 1968இல் நிலவுப் பயிற்சி ஊர்தி எரிந்தது. பட்ட காலிலே படும் என்பார்கள், ஒரே ஆளுக்கு இத்தனையா? ஒலிவேகத்தை முதலில் தாண்டிய யேகர் மாதிரி ஆட்களுக்கு இன்ஜினியர் விமானிகள் மேல் பெரிய மதிப்பு இருந்ததில்லை. நல்ல இன்ஜினியர், சுமாரான விமானி என்று சொன்னால் தப்பா?

பதில் 1 | ஆகஸ்ட் 25, காலை 9.40

பட்டியல் சரி. அதை ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் தப்பு. ஒவ்வொன்றிலும் எது உடைந்தது, அதற்கு முன் அவர் கையில் என்ன இருந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கொரியா: 1951 செப்டம்பர் 3. எஃப்9எஃப் பாந்தர் போர்விமானம், மணிக்கு சுமார் 350 மைல் வேகத்தில் தாழப் பறந்து குண்டு போடும் ஓட்டம். பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டியிருந்த கம்பி வலது இறக்கையில் ஏறக்குறைய 6 அடியை அறுத்துவிட்டது. இதில் விமானியின் குறை எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. இறக்கை நுனி போனால் அந்தப் பக்கத்து அய்லரானும் (விமானத்தை இடம் வலம் சாய்க்கும் இறக்கை மடல்) போகிறது, தூக்குவிசையும் குறைகிறது. வேகம் இருக்கும்வரை இன்னொரு பக்கத்து அய்லரானை வைத்துச் சமாளிக்கலாம். வேகத்தைக் குறைத்த கணமே அறுந்த பக்கம் கவிழும். வேகத்தைக் குறைக்காமல் விமானம்தாங்கிக் கப்பலில் இறங்க முடியாது. ஆகவே தன் படை இருக்கும் பகுதிவரை கொண்டுவந்து இருக்கையோடு வெளியே பாய்வதுதான் ஒரே வழி. பாய்ந்தார். கடலில் விழத் திட்டம், காற்று தரைக்குத் தள்ளியது. அப்போது வயது 21.

பதில் 2 | ஆகஸ்ட் 25, காலை 10.25

பி-29. 1956 மார்ச் 22. இவர் துணை விமானி, தலைமை ஸ்டான் புட்சார்ட். வயிற்றில் ஸ்கைராக்கெட் ஆய்வு விமானம் தொங்குகிறது, உள்ளே ஜாக் மெக்கே. 30,000 அடியை நெருங்கும்போது 4ஆம் எஞ்சின் நின்று புரொப்பெல்லர் காற்றில் தானாகச் சுழல ஆரம்பிக்கிறது. அதன் தகடுகளைக் காற்றோட்டத்துக்கு நேராகத் திருப்பி நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் வேகம் குறைந்தது, பிறகு முன்பைவிட அதிகமாக ஏறியது. அப்படியே விட்டால் பிய்ந்து பறக்கும்.

ஸ்கைராக்கெட்டோடு தரையிறங்க முடியாது. அதை விடுவிக்கவோ மணிக்கு 210 மைல் வேண்டும். வேகத்தைக் கூட்டினால் புரொப்பெல்லரும் வேகமாகச் சுழலும். மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுத்து விடுவித்தார்கள். அந்த நொடியிலேயே புரொப்பெல்லர் சிதறி, துண்டுகள் 3ஆம் எஞ்சினைக் கெடுத்து 2ஆம் எஞ்சின் வரை போய் அடித்தன. மிஞ்சிய 1ஆம் எஞ்சினை வைத்து வட்டமடித்து இறங்கினார்கள். நாசாவின் ஆவணங்களில் இது உண்டு.

பதில் 3 | ஆகஸ்ட் 25, பகல் 12.05

மேலே இரண்டு பிழை.

ஒன்று, அப்போது நாசாவே பிறக்கவில்லை. 1958 வரை அதன் பெயர் நாகா. (பாம்போடு சம்பந்தமில்லை, வானூர்தி ஆலோசனைக் குழுவின் சுருக்கம்.)

இரண்டு, இறங்கியது 1ஆம் எஞ்சினில் இல்லை, 2ஆம் எஞ்சினில். எஞ்சின்களை இடக்கோடியிலிருந்து எண்ணுவார்கள். 1 இடது வெளிப்புறம், 2 இடது உட்புறம், 3 வலது உட்புறம், 4 வலது வெளிப்புறம். வலப்பக்கம் இரண்டும் போனபின் இடது வெளிப்புற எஞ்சினை ஓட்டினால், உடலிலிருந்து அது தள்ளியிருக்கும் தூரமே நெம்புகோலாகி விமானத்தை வலப்பக்கம் திருப்பிவிடும். வால் சுக்கானால் அதை ஈடுகட்ட முடியாது. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த 1ஆம் எஞ்சினையும் வேண்டுமென்றே அணைத்தார்கள். சுமாரான விமானி என்றால் நல்ல எஞ்சினை அணைக்கக் கை வராது.

பதில் 4 | ஆகஸ்ட் 26, இரவு 8.50

1962க்கு வருகிறேன். இங்கே கேள்வி கேட்டவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதனால் நிதானமாக.

ஏப்ரல் 20. எக்ஸ்-15 மூன்றாம் விமானம். இதன் முதல் பறப்பையே 1961 டிசம்பர் 20இல் இவர்தான் செய்தார். அதில் எம்எச்-96 என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி. காற்று அடர்த்தியாக இருக்கும்போது வால் மடல்கள், காற்று இல்லாத உயரத்தில் வாயுவைப் பீய்ச்சித் தள்ளும் சிறு த்ரஸ்டர்கள், இரண்டையும் தானே கலந்து கொடுக்கும். அந்தப் பெட்டியின் உருவாக்கத்திலும் இவர் வேலை செய்திருந்தார். அன்றைய சோதனை: பெட்டியில் இருந்த ஜி-வரம்பு (விமானத்தின் மேல் விழும் விசை அளவு மீறாமல் தடுப்பது) வேலை செய்கிறதா என்று பார்ப்பது.

207,500 அடிவரை போய் இறங்கும்போது, வரம்பு தலையிடும் என்று எதிர்பார்த்து மூக்கைத் தூக்கியே பிடித்தார். தலையிடவில்லை. மூக்கு தூக்கலாக இருந்ததால் விமானம் மறுபடி மேலேறிவிட்டது, கிட்டத்தட்ட 140,000 அடிக்கு. அந்த உயரத்தில் வால் மடல்கள் பிடிக்காது. த்ரஸ்டரால் விமானத்தைச் சாய்க்கலாம், ஆனால் திருப்ப முடியாது. சாய்ந்தபின் வளைந்து திரும்பக் காற்று வேண்டும். இறங்கவேண்டிய எட்வர்ட்ஸ் தளத்தை மாக் 3 வேகத்தில் (ஒலியைப்போல் மூன்று மடங்கு) 100,000 அடிக்கு மேலே தாண்டி, பாசடினா பக்கம்வரை போனார். காற்று பிடிக்கும் உயரத்துக்கு விழும்வரை காத்திருந்து திரும்பினார். எஞ்சின் எப்போதோ அணைந்துவிட்டது, கையில் இருப்பது உயரமும் வேகமும் மட்டுமே. தென்கோடி ஏரிப் படுகையில், யோஷுவா மரங்களைத் தாண்டி, எல்லையை ஒட்டி இறங்கினார். 12 நிமிடம் 28 விநாடி. எக்ஸ்-15 திட்டத்திலேயே நீண்ட பறப்பு இதுதான். சாதனை என்று யாரும் திட்டமிடவில்லை!

யார் தப்பு? சோதனையை முடிக்கப் பிடிவாதமாக மூக்கைத் தூக்கியது அவர். அளவு கிடைக்கவேண்டும் என்ற இன்ஜினியர் ஆசை விமானியை மீறிய இடம் இது. கேள்வி கேட்டவருக்கு இதில் பாதி மதிப்பெண் தரலாம்.

பதில் 5 | ஆகஸ்ட் 26, இரவு 9.15

டி-33 சேறு. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 24. நெவாடாவில் ஸ்மித் ராஞ்ச் உலர் ஏரி, எக்ஸ்-15க்கு அவசர இறங்குதளமாகுமா என்று பார்க்கப் போனார்கள். கூட யேகர். உலர் ஏரி மேலே ஓடு கட்டி வெள்ளையாகக் காய்ந்திருக்கும், மழைக்குப் பிறகு அடியில் களி. மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சக்கரம் தொட்டுவிட்டு எழும்பப் பார்த்தார்கள், புதைந்தது. "நான் வேண்டாம் என்றேன்" என்பது யேகர் சொன்னது. "ஒருமுறை நன்றாகத் தொட்டோம், இன்னும் மெதுவாகத் தொடு என்று அவர்தான் சொன்னார்" என்பது ஆர்ம்ஸ்ட்ராங் தரப்பு. இந்த வழக்குக்கு மூன்றாவது சாட்சி இல்லை.

பதில் 6 | ஆகஸ்ட் 27, காலை 6.30

மே 21 மட்டும் முழுக்க அவர் கணக்கு. டெலமார் உலர் ஏரியில் எஃப்-104ஐத் தொட்டு எழுப்பும் பயிற்சி. வெற்றுப் படுகையில் உயரம் மதிப்பிட மரமோ வீடோ கிடையாது. தப்பாக மதிப்பிட்டார். சக்கரங்கள் முழுசாகப் பூட்டிக்கொள்ளவில்லை என்பதையும் கவனிக்கவில்லை. தொட்டதும் சக்கரங்கள் மடங்கத் தொடங்கின, முழு விசை கொடுத்து எழுப்புவதற்குள் வயிற்றுத் துடுப்பும் சக்கரக் கதவும் தரையில் இடித்தன. ரேடியோ போனது, ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகியது.

நெல்லிஸ் விமானப்படைத் தளத்துக்குப் போய், கோபுரத்தின் முன் இறக்கையை ஆட்டிக் காட்டிவிட்டு இறங்கினார். எண்ணெய் அழுத்தம் போனதால் வால் கொக்கி தானாகத் தொங்கிவிட்டது, அது அவருக்குத் தெரியாது. ஓடுபாதைக் குறுக்குக் கம்பியில் கொக்கி மாட்ட, அதோடு கட்டியிருந்த நங்கூரச் சங்கிலி முழுதும் பாதையில் இழுபட்டது. பாதையைச் சுத்தம் செய்ய அரை மணி.

அவரை அழைத்துப் போகச் சக விமானி மில்ட் தாம்ப்சன் இரண்டு இருக்கை எஃப்-104இல் வந்தார். குறுக்குக் காற்று, கடின இறக்கம், இடது டயர் வெடித்தது. மறுபடி பாதை அடைப்பு. மூன்றாவதாக டி-33இல் வந்த பில் டேனா பாதை முடிவைத் தாண்டப் பார்த்தார். அதற்குமேல் நாசாவிலிருந்து விமானமே அனுப்பவேண்டாம், தரைவழியே போங்கள் என்று நெல்லிஸ்காரர்கள் முடிவு கட்டினார்கள்.

பதில் 7 | ஆகஸ்ட் 27, இரவு 11.20

1962 பற்றி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். இயந்திரம் பற்றியது இல்லை என்பதால் விட்டேன், விட்டிருக்கக் கூடாது.

அவர் எக்ஸ்-15இல் பறந்தது ஏழு தடவை. ஐந்தாவது வரை தேதிகள்: 1960 நவம்பர் 30, டிசம்பர் 9, 1961 டிசம்பர் 20, 1962 ஜனவரி 17, ஏப்ரல் 5. ஜனவரி 17க்கும் ஏப்ரல் 5க்கும் நடுவே ஜனவரி 28 வருகிறது. அன்று மகள் கேரன் இறந்தாள். மூளைத் தண்டில் கட்டி, முந்தைய ஆண்டு கண்டுபிடித்தது. மூன்று வயது நிறையவில்லை. ஜேனட்டுக்கும் அவருக்கும் 1956இல் திருமணம் நடந்ததும் இதே ஜனவரி 28தான்.

அதன்பின் நான்கு மாதத்துக்குள் மேலே சொன்ன மூன்று நிகழ்வுகளும். துக்கம்தான் காரணம் என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் ஜி-வரம்பு தலையிடாததற்கும் துக்கத்துக்கும் தொடர்பில்லை. டெலமாரில் சக்கரம் பூட்டியதா என்று பார்க்காமல் விட்டதற்கு இருக்கலாம். எக்ஸ்-15 பறப்பில் அவர் எவ்வளவு நேரம் மூக்கைப் பிடித்திருந்தார் என்பதற்குப் பதிவு உண்டு, மனசுக்கு அப்படி ஒரு பதிவுக் கருவி கிடையாது. அந்தக் கோடையில்தான் விண்வெளி வீரர் தேர்வுக்கு விண்ணப்பித்தார். கெடு ஜூன் 1, விண்ணப்பம் அதற்குப் பிறகு வந்தது. எட்வர்ட்ஸில் கூட வேலை பார்த்த டிக் டே அதைக் கட்டுக்குள் செருகிவிட்டார்.

பதில் 8 | ஆகஸ்ட் 28, காலை 7.45

"கேரனின் வளையலை நிலவில் விட்டார்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அது திரைக்கதை, பதிவில் எங்கும் இல்லை. அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்தது, திட்டத்தில் இல்லாமல் அவர் தனியாக ஒரு சிறு பள்ளம்வரை 60 மீட்டர் போனது. அங்கே நின்று சுற்றுப்புறம் முழுக்கப் படம் எடுத்தார், படங்கள் இருக்கின்றன. அவர் கொண்டுபோனதாகப் பதிவில் இருப்பது வேறு: 1903 ரைட் விமானத்தின் இறக்கைத் துணி, புரொப்பெல்லர் மரத்துண்டு.

பதில் 9 | ஆகஸ்ட் 30, மாலை 5.10

ஜெமினி 8, 1966 மார்ச் 16. அஜீனா என்ற ஆளில்லா ஊர்தியோடு இணைந்து அரைமணிகூட ஆகவில்லை, கூடப் போன டேவிட் ஸ்காட் தளமட்டக் காட்டியைப் பார்த்தால் 30 டிகிரி சாய்வு. நிலத்தொடர்பு இல்லாத பகுதி. சந்தேகம் அஜீனா மேல், ஏனென்றால் அதில்தான் கோளாறு வரலாம் என்று முன்பே எச்சரிக்கை. அதை அணைத்தார்கள், சுழற்சி நின்றது, மறுபடி தொடங்கியது. அப்போது ஜெமினியின் சொந்த எரிபொருள் 30 சதவீதத்துக்கு இறங்கியிருப்பதை ஆர்ம்ஸ்ட்ராங் கவனித்தார். அஜீனா சுற்றினால் நம் எரிபொருள் ஏன் குறையவேண்டும்? கோளாறு நம்மிடம்.

பிரிந்தார்கள். பிரிந்ததும் சுழற்சி வேகமாகியது, ஏனென்றால் அஜீனாவின் நிறைதான் இதுவரை பாரமாக இருந்து அடக்கிக்கொண்டிருந்தது. தள்ளுவது அதே த்ரஸ்டர், தள்ளப்படும் நிறை குறைந்துவிட்டது. விநாடிக்கு 296 டிகிரி, அதாவது நொடிக்கு ஏறக்குறைய ஒரு சுற்று. கண் மங்கும் எல்லை. முதன்மைத் த்ரஸ்டர் அமைப்பை முழுசாக அணைத்துவிட்டு, பூமிக்குத் திரும்பும்போது மட்டும் பயன்படுத்தவேண்டிய தனி த்ரஸ்டர் வளையத்தைத் திறந்து சுழற்சியை அடக்கினார். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் 8ஆம் எண் திறந்தபடி சிக்கியிருந்தது. மீள்நுழைவு எரிபொருளில் முக்கால்வாசி தீர்ந்தது. அதைத் தொட்டாலே உடனே இறங்கவேண்டும் என்பது விதி. இறங்கினார்கள், மொத்தம் 10 மணி 41 நிமிடம்.

காரணம் பெரும்பாலும் மின்கசிவு. அணைத்த நிலையிலும் அந்தத் த்ரஸ்டருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. அடுத்து வந்தவற்றில் ஒவ்வொரு த்ரஸ்டருக்கும் தனி மின்சுற்று வைத்தார்கள்.

பலர் கவனிக்காதது: பிரிவதற்கு முன் ஸ்காட் அஜீனாவின் கட்டுப்பாட்டைத் தரைநிலையத்துக்கு மாற்றிவிட்டார். இல்லாவிட்டால் அது செத்த கட்டையாக மிதந்திருக்கும்.

பதில் 10 | ஆகஸ்ட் 30, மாலை 5.40

அதே நேரம் வீட்டில்: விண்கலப் பேச்சைக் கேட்க வீரர்கள் வீடுகளில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி வைப்பார்கள். சுழற்சி தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். ஜேனட் நேரே கட்டுப்பாட்டு மையத்துக்குப் போனார், உள்ளே விடவில்லை. இந்த அவமதிப்பை அவர் லேசில் விடவில்லை, வீரர்களின் பொறுப்பாளர் டீக் ஸ்லேட்டனிடம் நேராகவே சொன்னார். குடும்பம் என்று பேசினால் இதையும் சேர்த்துத்தான் பேசவேண்டும். மகன்கள் ரிக், மார்க் இருவரையும் பெரும்பாலும் வளர்த்தது அவர். 1994இல் மணமுறிவு.

பதில் 11 | செப்டம்பர் 2, காலை 8.00

நிலவுப் பயிற்சி ஊர்தி. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று ஒருவர் நக்கல் செய்திருக்கிறார். இங்கே கூடம் நிஜமாகவே கோணல்.

நடுவில் ஒரு ஜெட் எஞ்சின், 4,200 பவுண்டு விசை, எந்தச் சாய்விலும் நேராகக் கீழே பார்க்கும்படி தொட்டிலில் மாட்டியது. எடையில் ஆறில் ஐந்து பங்கை அது தாங்கும். மீதி ஒரு பங்குக்கு 500 பவுண்டு ராக்கெட் இரண்டு. சாய்த்துத் திருப்ப 16 சிறு த்ரஸ்டர்கள். ராக்கெட்டுக்கும் த்ரஸ்டருக்கும் ஒரே உணவு, ஹைட்ரஜன் பெராக்சைடு. தொட்டியிலிருந்து அதைத் தள்ளுவது ஹீலியம் அழுத்தம். இறக்கையில்லை, வாலில்லை.

1968 மே 6. ஹீலியம் அழுத்தம் போனது, த்ரஸ்டர்கள் ஓய்ந்தன. ஜெட் எஞ்சின் நன்றாகவே ஓடியது, அதனால் பயனில்லை. நிமிர்த்த எதுவுமில்லாமல் ஊர்தி சாய்ந்தது. சுமார் 200 அடியில் பாய்ந்தார். அரை விநாடி தாமதித்திருந்தால் பாராசூட் விரிய இடமிருந்திருக்காது என்று பின்னர் கணக்கிட்டார்கள். காயம், நாக்கைக் கடித்துக்கொண்டது. இப்படி ஐந்து ஊர்திகள் கட்டினார்கள், மூன்று விழுந்தன. மற்ற இரண்டில் வேறு விமானிகள், அவர்களும் பாய்ந்து பிழைத்தார்கள். மூன்று பேரும் சுமாரான விமானிகளா?

மேலிடம் அதை நிறுத்தப் பார்த்தது, வீரர்கள் விடவில்லை. காரணம் இருக்கிறது. நிலவில் மிதந்து நிற்க ஆறில் ஒரு பங்கு விசை போதும். ஆனால் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் நிறை குறைவதில்லை. அதே வேகத்தைப் பிடித்து நிறுத்த ஹெலிகாப்டரைவிடப் பல மடங்கு சாய்க்கவேண்டும், நிமிர்த்தவும் அதேபோல் முன்கூட்டியே தொடங்கவேண்டும். ஹெலிகாப்டரில் பழகினால் கை தப்பான கணக்கைக் கற்றுக்கொள்ளும்.

பதில் 12 | செப்டம்பர் 2, இரவு 9.30

நிலவில் இறங்கியபோது "17 விநாடி எரிபொருள்தான் மிச்சம்" என்ற கதைக்கு: தொட்டியில் 5.6 சதவீதம் இருக்கும்போது எச்சரிக்கை விளக்கு எரியும். அதிலிருந்து 94 விநாடிக் கணக்கு. "60 விநாடி", "30 விநாடி" என்று தரையிலிருந்து சொன்னது அந்தக் கணக்கு முடிய இருந்த நேரம். எரிபொருள் தீர அதற்குப் பிறகும் 20 விநாடி உண்டு. போதாக்குறைக்குத் திரவம் தொட்டிக்குள் அலம்பியதால் விளக்கு முன்கூட்டியே எரிந்துவிட்டது. பின்னர் போட்ட கணக்கில் மிச்சம் ஏறக்குறைய 45 விநாடி. அடுத்தடுத்த பயணங்களில் தொட்டியில் அலம்பல் தடுப்புகள் வைத்தார்கள்.

கைமுறை என்று நாம் சொல்வதும் முழுக் கைமுறை இல்லை. பி66 நிரலில் இறங்கும் வேகத்தைக் கணினி பிடித்துக்கொள்ளும். விசையை ஒருமுறை தட்டினால் விநாடிக்கு 1 அடி கூடும் அல்லது குறையும். சாய்வு மட்டும் விமானியின் கையில். பாறை நிறைந்த பள்ளத்தைத் தாண்டிப் போனது அந்தக் கூட்டு வேலையில்தான். நாடித்துடிப்பு 150. அவர் பனிக்கட்டி மனிதர் என்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

பதில் 13 | செப்டம்பர் 3, காலை 6.50

நிலவில் இறங்கும்போது கணினி அடித்த 1202 அலாரம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: தாய்க்கலத்தோடு மறுபடி சேர உதவும் சந்திப்பு ரேடாரின் விசை இருந்த நிலையில், இரண்டு மின்வழங்கிகளின் அலைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ரேடார் கோணம் மாறுவதாக நினைத்துக் கணினி இல்லாத அசைவை எண்ணிக்கொண்டே இருந்தது, நேரத்தில் 13 சதவீதம் வரை அதற்குப் போனது. வேலை நிரம்பி வழிந்ததும் முக்கியமற்றதைக் கொட்டிவிட்டு, முக்கியமானதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அலாரம் அடித்தபடியே வழிகாட்டலும் நடந்தது.

பதில் 14 | செப்டம்பர் 3, காலை 7.30

மேலே எழுதியபிறகு தோன்றியது. அவர் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது நிலவு இல்லை, அதற்கு அடுத்த வருடம்.

1970இல் நாசா தலைமையகத்தில் வானூர்திப் பிரிவு அவர் பொறுப்பு. எட்வர்ட்ஸிலிருந்து இன்ஜினியர்கள் ஒரு திட்டத்தோடு வந்தார்கள். விமானியின் கைப்பிடிக்கும் வால் மடலுக்கும் நடுவே இருக்கும் கம்பி, கோல், கப்பி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மின்சாரத்தால் இணைப்பது. அனலாக் கணினியை வைத்துச் செய்வதாக யோசனை. ஏன் டிஜிட்டல் கூடாது என்று கேட்டார். நம்பகமான டிஜிட்டல் கணினி எங்கே இருக்கிறது என்றார்கள். நிலவுக்குப் போய்வந்த கணினியைச் சொன்னார். அலாரம் அடிக்க அடிக்க வழிகாட்டிய அதே பெட்டி.

அதை எஃப்-8 போர்விமானத்தில் வைத்தார்கள். இயந்திர இணைப்பு எதுவும் மாற்றாகக்கூட வைக்கவில்லை. டிஜிட்டல் ஒரு வழி, அது போனால் அனலாக் மாற்று. 1972 மே 25இல் கேரி கிரையர் பறந்தார். இன்றைய பயணிகள் விமானத்தில் மின்சாரக் கட்டுப்பாடு சர்வசாதாரணம், அந்த வழியின் ஆரம்பப் படிகளில் ஒன்று இது. அலாரம் அடித்தும் கணினி கைவிடவில்லை என்பதைப் பறந்து பார்த்தவர் என்பதால்தான் அவரால் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது. இன்ஜினியர் ஒருபக்கம், விமானி ஒருபக்கம் என்று வெட்டினால் இந்த இடம் விளங்காது.

பதில் 15 | செப்டம்பர் 5, இரவு 10.05

கொஞ்சம் வழிவிலகல். பட்டியலில் ஒன்று குறைகிறது: 1978, பண்ணையில் தானிய லாரியிலிருந்து குதித்தபோது மோதிரம் சிக்கி விரல் நுனி பிய்ந்தது. அதைத் தேடி எடுத்து, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோய், ஒட்டவைத்துக்கொண்டார். விமானக் கொட்டகைகளில் மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஏறு என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய பெயரை உதாரணம் காட்ட முடியாது. அப்போது அவர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் பேராசிரியர், 1971 முதல் 1979 வரை.

பதில் 16 | செப்டம்பர் 14, காலை 7.20

கேள்வி கேட்டவர் "சரி, கடைசியில் அவர் தப்பு எத்தனை?" என்று கேட்டிருக்கிறார். என் கணக்கு: டெலமார் ஒன்று, எக்ஸ்-15 அரை, டி-33 அரை. மற்ற நான்கும் கம்பி, புரொப்பெல்லர், மின்கசிவு, ஹீலியம். மோதிரத்தைச் சேர்த்தால் மூன்று.

கல்லறை எங்கே என்று கேட்டவருக்கு: கிடையாது. 2012 செப்டம்பர் 14, பிலிப்பைன் சீ என்ற கடற்படைக் கப்பலிலிருந்து அட்லாண்டிக்கில் அஸ்தியைக் கரைத்தார்கள். இன்றுதான் அந்தத் தேதி, பதில் எழுதும்போதுதான் கவனித்தேன்.